கல்லுமக்காய் குடல் பாக்டீரியா சாம்பிள், எப்படி எடுக்கலாம்?

கயல்: காசர்கோடு படன்னா காயல்ல கயித்துல வளர்க்கிற பச்சை கல்லுமக்காய் (நம்ம குமரி பக்கம் சிப்பின்னு சொல்றது) தான் என் எம்எஸ்சி ப்ராஜெக்ட். சில கயித்துல நிறைய செத்து வாய் பொளந்து கிடக்கு. அதையும் நல்லதையும் எடுத்து 16எஸ் (பாக்டீரியாவோட ஒரு மரபணுவ படிச்சு எந்தெந்த வகை இருக்குன்னு பாக்குற டெஸ்ட்) பண்ணி பாக்டீரியாவ கம்பேர் பண்ணா காரணம் தெரியுமா?

ஆழிமகன்: செத்தத எடுக்காதீங்க தங்கச்சி! செத்த சதையில விப்ரியோன்ற கடல் பாக்டீரியா தானா பெருகிடும், அது கொன்னுச்சா இல்ல பின்னாடி வந்துச்சான்னு பிரிக்கவே முடியாது. லேசா வாய் திறந்து, தொட்டா மெதுவா மூடுது பாருங்க, அதான் நோயாளி, அத எடுங்க.

செல்வி: காயல் தண்ணியையும் கண்டிப்பா எடுங்க. மணிக்கு லிட்டர் கணக்குல தண்ணிய வடிகட்டுற ஜீவன், குடல்ல இருக்கிறதுல பாதி சும்மா வந்துபோற விருந்தாளியா இருக்கலாம். சுத்தமான கடல்தண்ணியில கொஞ்ச நேரம் விட்டுட்டு எடுத்தா தங்குறது எதுன்னு ஓரளவு புரியும். மூடுதசையில ஊசி போட்டு ரத்தநீரும் எடுங்க, அதுலயும் பாக்டீரியா சமூகம் இருக்கு. உப்பு, சூடு ரெண்டையும் அன்னிக்கே குறிச்சு வைங்க, மழை இறங்கினா உப்பு சரிஞ்சு எல்லாமே மாறிடும், அதனாலதான அங்க மழைக்கு முன்னாடியே அறுவடை பண்றாங்க.

ஆழிமகன்: இன்னொன்னு, பெர்கின்சஸ்னு ஒரு ஒட்டுண்ணி நம்ம கல்லுமக்காய்லயும் இருக்கு. அது பாக்டீரியா இல்ல, 16எஸ்ல சிக்காது. செவுள் துண்ட தயோகிளைகொலேட் மீடியத்துல (அந்த ஒட்டுண்ணிய வளர்க்கிற திரவம்) போட்டு அயோடின் விட்டா நீலக்கறுப்பு உருண்டையா தெரியும்.

கயல்: ரொம்ப நன்றிங்க, நாளைக்கே செத்தத தனியா வச்சிட்டு மெதுவா மூடுறத தேடுறேன்.