கிரியேட் ரியாக்ட் ஆப்பிலிருந்து வீட்-க்கு மாற்றினால் சர்வரில் வெறும் வெள்ளைப் பக்கம்

கேள்வி: வைகைக்கரை

ரியாக்ட் (வெப் பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) புராஜெக்ட். கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற பழைய பில்ட் கருவியிலிருந்து வீட் 7 (Vite) என்ற கருவிக்கு மாற்றினேன், நோட் 22. லேப்டாப்பில் 5173 போர்ட்டில் ஒழுங்காக ஓடுகிறது. பில்ட் போட்டு (சர்வரில் ஏற்றும் இறுதி ஃபைல்களை உருவாக்கி), வந்த டிஸ்ட் ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரில் /பில்லிங்/ என்ற துணை முகவரியில் வைத்தால் வெள்ளைப் பக்கம்தான். கன்சோலில் ஜேஎஸ், சிஎஸ்எஸ் எல்லாவற்றுக்கும் 404 (கிடைக்கவில்லை). ஆனால் ஃபைல்கள் சர்வரில் இருக்கின்றன. பேக்கேஜ்.ஜேசனில் பழைய ஹோம்பேஜ் வரியையும் (தளம் எந்த முகவரியில் இருக்கும் என்று சொல்வது) எடுக்கவில்லை.

இன்னொன்று: ஏபிஐ (பேக்எண்டோடு பேசும் வழி) முகவரி, அமைப்பு மதிப்புகள் வைக்கும் .என்வ் ஃபைலில் ரியாக்ட்_ஆப்_ஏபிஐ என்ற பெயரில் இருக்கிறது. பிராசஸ்.என்வ் என்று இருந்த இடங்களை இம்போர்ட்.மெட்டா.என்வ் என்று மாற்றிவிட்டேன். இருந்தும் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே வரவில்லை.

பதில்: முன்முற்றம்

ஹோம்பேஜ் வரியை வீட் படிக்கவே படிக்காது. அதன் இடத்தில் வீட் கான்ஃபிக் ஃபைலில் பேஸ் என்று ஒன்று உண்டு. நீங்கள் எதுவும் தராவிட்டால் அது வெறும் /. அதனால் பில்ட் ஆன இன்டெக்ஸ் பக்கம் /அசெட்ஸ்/... என்று டொமைனின் வேரில் போய்த் தேடுகிறது. பேஸ்-ஐ '/பில்லிங்/' என்று கொடுங்கள். முன்னும் பின்னும் ஸ்லாஷ் வேண்டும்.

சிலர் './' போடச் சொல்வார்கள். முதல் பக்கம் வரும், நம்பிவிடாதீர்கள். /பில்லிங்/ரசீது/12 என்ற முகவரியை நேராகத் திறந்தால், பிரவுசர் ஃபைல்களை /பில்லிங்/ரசீது/ என்பதற்குக் கீழே தேடி மறுபடி வெள்ளைப் பக்கம் காட்டும்.

ரியாக்ட் ரூட்டர் (முகவரிக்கு ஏற்பப் பக்கம் மாற்றும் லைப்ரரி) இருந்தால் அதற்கு பேஸ்நேம் (அதே /பில்லிங்/ முன்பகுதி) தனியாகத் தர வேண்டும். சர்வரில் ஏற்றுமுன் வீட் ப்ரிவ்யூ (பில்ட் ஆனதை லேப்டாப்பிலேயே காட்டும் கட்டளை) ஓட்டி 4173 போர்ட்டில் பாருங்கள். டெவ் சர்வரில் (5173-இல் ஓடுவது) தெரியாத பாதித் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பதில்: இரவுப்பறவை

என்வ் விஷயத்துல பாதிதான் மாத்தியிருக்கீங்க. வீட்_ என்று (கேப்பிட்டல் எழுத்துல) தொடங்குற பெயர்களைத்தான் வீட் பிரவுசர் பக்கம் விடும். ரியாக்ட்_ஆப்_ என்ற முன்னொட்டை மாத்துங்க, சரியாயிடும்.

இதுல எல்லாரும் விழுற குழி இன்னும் ரெண்டு மூணு இருக்கு. மதிப்பு பில்ட் நேரத்துலயே ஜேஎஸ் ஃபைலுக்குள்ள எழுதப்பட்டுடும், சர்வர்ல போய் .என்வ்-ஐத் திருத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, திரும்ப பில்ட் போடணும். வர்றது எல்லாமே ஸ்ட்ரிங். 'ஃபால்ஸ்'னு எழுதினா இஃப்-ல அது உண்மைன்னுதான் கணக்கு. ரகசியச் சாவி எதையும் இதுல வைக்காதீங்க, யார் வேணும்னாலும் டெவ்டூல்ஸ்ல திறந்து படிக்கலாம்.

வைகைக்கரை

ரெண்டும் சரியாகிவிட்டது, நன்றி. இப்போது மிச்சம் மூன்று: லோகோ வரவில்லை (பப்ளிக் ஃபோல்டரில் இருக்கிறது), ஏபிஐ அழைப்பு 404, உள்பக்கத்தில் ரிஃப்ரெஷ் அடித்தால் அதுவும் 404.

பதில்: முன்முற்றம்

லோகோ: ஜேஎஸ்எக்ஸ்-க்குள் (ரியாக்ட் கோடுக்குள்) '/லோகோ.பிஎன்ஜி' என்று நேராக எழுதியிருப்பீர்கள். அந்த ஸ்ட்ரிங்கை வீட் தொடாது. இன்டெக்ஸ் பக்கத்திலும் சிஎஸ்எஸ்ஸிலும் இருப்பதை மட்டும்தான் மாற்றும். படத்தை எஸ்ஆர்சி ஃபோல்டருக்குக் கொண்டுபோய் இம்போர்ட் செய்வது நல்லது. இல்லையென்றால் இம்போர்ட்.மெட்டா.என்வ்-இல் உள்ள பேஸ்_யூஆர்எல்-ஐ முன்னால் ஒட்டுங்கள்.

ஏபிஐ: கான்ஃபிக்கில் எழுதிய ப்ராக்சி (அழைப்பை பேக்எண்டுக்குத் திருப்பிவிடுவது) டெவ் சர்வர், ப்ரிவ்யூவோடு முடிந்தது, பில்டில் வராது. என்ஜின்எக்ஸில் /ஏபிஐ/ லொகேஷனுக்கு ப்ராக்சி பாஸ் எழுத வேண்டும். பேக்எண்ட் முகவரியின் கடைசியில் ஸ்லாஷ் போட்டால் /ஏபிஐ/ என்ற பகுதி வெட்டப்பட்டுப் போகும். ஸ்லாஷ் இல்லாவிட்டால் முழுப் பாதையும் போகும். பேக்எண்ட் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த ஒரு எழுத்துக்காக அரை நாள் போவது சகஜம்.

பதில்: கரிசல்

ரிஃப்ரெஷ் 404-க்கு என்ஜின்எக்ஸில் ட்ரை_ஃபைல்ஸ் என்ற வரி: முதலில் கேட்ட ஃபைல், கிடைக்காவிட்டால் /பில்லிங்/ இன்டெக்ஸ் பக்கம். ஆனால் அசெட்ஸ் ஃபோல்டருக்குத் தனி லொகேஷன் எழுதி, அங்கே ஃபைல் இல்லையென்றால் 404-ஏ வரட்டும். இல்லாவிட்டால் ஜேஎஸ் கேட்ட பிரவுசருக்கு எச்டிஎம்எல் போய், மைம் டைப் (ஃபைல் வகை) தப்பு என்று குழப்பமான பிழை வரும்.

கேஷ் (பிரவுசர் ஃபைல்களைச் சேமித்து வைப்பது) விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். அசெட்ஸ் ஃபைல் பெயர்களில் ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) இருப்பதால் அவற்றுக்கு 1 வருடம் தரலாம். இன்டெக்ஸ் பக்கத்துக்கு நோ-கேஷ். புது பில்ட் ஏற்றும்போது பழைய அசெட்ஸை உடனே அழிக்காதீர்கள். டேபைத் திறந்தே வைத்திருப்பவர் லேஸி லோட் ஆகும் (தேவைப்படும்போதுதான் இறங்கும்) பக்கத்துக்குப் போனால் பழைய ஹேஷைத்தான் கேட்பார்.

பதில்: இரவுப்பறவை

டைப்ஸ்கிரிப்ட்னா ஒண்ணு: வீட் டைப்பை அழிச்சிட்டுப் போகுமே தவிர சரிபார்க்காது. பில்ட் கட்டளைக்கு முன்னாடி டிஎஸ்சி (டைப்பைச் சரிபார்க்குற டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர்) ஓடுதான்னு பாருங்க.