கரையில இருக்கிற நாள்தான் ஆபத்து

பாம்பன் பக்கம் விசைப்படகுல போறவன் நான். எங்களுக்குத் திங்கள், புதன், சனி கடல். மத்த நாள் கரை. கடல்ல நான் குடியத் தொட்டதில்ல. கரையில இறங்கினா வீட்டுக்கு முன்னாடி சாராயக் கடைக்குத்தான் கால் போகும். ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டா சொல்லவே வேணாம். நிவாரணப் பணம் வந்த அன்னைக்கே பாதி போயிரும். சம்மாட்டிகிட்ட, அதான் படகு முதலாளிகிட்ட, வாங்கின முன்பணமும் அதே வழிதான்.

சாமி கும்பிடாம இல்ல. மூணு வருசம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டேன். பொண்டாட்டி பிள்ளைக எல்லாம் சிரிச்ச முகமா இருக்கும். மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டின ராத்திரியே விட்டதையும் சேர்த்துக் குடிப்பேன். அம்மா ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிட்டுப் போச்சு. குறை சாமிகிட்ட இல்ல. நான் தவணை போட்டுல்ல கும்பிட்டேன்.

ஒருக்கா வீராப்பா நானே நிறுத்தினேன். மூணாம் நாள் கை உதறி, வலை பூரா பாம்பா நெளியுதுன்னு கத்தியிருக்கேன். ஆஸ்பத்திரியில போட்டு ஊசி ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. ரொம்ப வருசமா தினம் குடிக்கிறவங்க டாக்டரைப் பாக்காம சட்டுனு நிறுத்தாதீங்க, உயிருக்கே வினையாயிரும்.

அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர் சொல்லித்தான் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம். ஒரு சின்ன ரூம், பிளாஸ்டிக் நாற்காலி, டீ. காசு கேக்கல, ஊர் பேர் கேக்கல. குடிய விடணும்ங்கிற ஆசை இருந்தாப் போதும்னாங்க. கீழக்கரைக்காரர் ஒருத்தர் எந்திரிச்சு, "நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லிட்டுப் பேசினார். துணிக்கடை வச்சிருந்து அதைக் குடிச்சே தீர்த்தவர். பேர் வெளியில சொல்றது இல்ல, அதனால காக்கான்னே வச்சுக்குவோம், அவங்க பக்கம் அண்ணன்னு அர்த்தம். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

குடிய விட ஏ.ஏ. சொல்ற 12 படிய வாசிச்சாங்க. மூணாவது படியில, நாம புரிஞ்சுக்கிட்ட கடவுள்கிட்ட நம்மள ஒப்படைக்கணும்னு வரும். எந்த சாமின்னு கேட்டேன். காக்கா சொன்னார்: "எனக்கு அல்லாஹ். உனக்கு உன் சாமி. அந்தா மூலையில இருக்காரே வாத்தியார், அவருக்கு சாமியே கிடையாது. இந்த ரூம்தான் தன்னை விடப் பெருசுங்கிறார். நாலு வருசமாச்சு அவர் தொட்டு."

ஒரு செவ்வாக்கிழமை. வீட்டுல சண்டை. சட்டைப் பையில 200 ரூவா நாலா மடிச்சுக் கிடக்கு. ராத்திரி எட்டரைக்குக் காக்காவுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்துல மொபட்டுல வந்து இறங்கினார். புத்திமதி சொல்வார்னு பார்த்தா, திண்ணையில கிடந்த கிழிஞ்ச வலையைப் பார்த்து, "இதை எப்படித் தம்பி முடியிறது?"ன்னார். வலை ஊசியக் கையில குடுத்து சொல்லிக் குடுத்தேன். மனுசனுக்கு ஒரு வலைக்கண்ணு முடியப் பத்து நிமிசம். கோணல் வேற. பிரிச்சுப் பிரிச்சு முடிஞ்சோம். அப்புறம் அவரு போனைப் பார்த்தார்: "பத்தாச்சு, கடைய அடைச்சிருப்பான்."

பத்துக்கு மேலயும் பிளாக்குல கிடைக்கும், அது எனக்கா தெரியாது? ஆனா அந்நேரத்துக்கு வெறி இறங்கிப்போச்சு.

1935-ல அமெரிக்காவுல அக்ரான்ங்கிற ஊர்ல பங்குச்சந்தை ஆள் ஒருத்தரும் டாக்டர் ஒருத்தரும், ரெண்டும் குடிகாரங்க, மணிக்கணக்கா உக்காந்து பேசினதுலதான் இந்த ஏ.ஏ. ஆரம்பிச்சதாம். அவங்ககிட்ட வலை இருந்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவுல ஒருக்கா சறுக்கினேன். மச்சான் கல்யாணம். கணக்கு திரும்ப ஒண்ணுல இருந்து. இப்ப 14 மாசம்.

இதைப் படிச்சவங்க எழுதினது:

தொண்டி சகோதரி:
அண்ணே, என் வீட்டுக்காரர் இன்னும் நிறுத்தல. ஆனா நான் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போறேன். கடை வாசல்ல போய் நின்னு இழுத்துட்டு வர்றது, பாட்டிலைத் தேடிக் கொட்டுறது, சம்மாட்டிகிட்ட காய்ச்சல்னு பொய் சொல்றது, எல்லாத்தையும் விட்டுட்டேன். அவர் குடிக்கு நான் காரணமில்ல, நான் நிறுத்தவும் முடியாதுன்னு புரியவே ஒரு வருசமாச்சு. மாமியார் இன்னும் என்னையத்தான் சொல்றாக. கூட்டத்துல பழக்கமான அக்கா ஒருத்தவங்க தினம் சாயங்காலம் போன் பண்ணி "சாப்பிட்டியாடி?"ன்னு கேக்குறாக. என்னைய இப்படிக் கேட்டு ஆளே இல்ல.

மண்டபம் ஆள்:
காக்கா மாதிரி ஆள் எல்லாருக்கும் கிடைக்குமா? எனக்குக் கூட்டம்னாலே கூச்சம். தெரிஞ்சவன் எவனாவது இருந்துட்டா?

பதில்:
இருந்தான். என் படகுல போறவனே அங்க உக்காந்திருந்தான். ரெண்டு பேரும் ஒரு நிமிசம் சுவரைப் பாத்தோம். அவனும் குடிய விடத்தானே வந்திருக்கான், வெளியில போய் என்ன சொல்லிருவான்? தனியாப் பேசணும்னா 14446-க்கு அடிங்க, அரசாங்க உதவி எண், காசு கிடையாது. கூச்சமா இருந்தா வர்ற ஞாயித்துக்கிழமை மண்டபம் ரயில்வே ஸ்டேசன் வாசல்ல நில்லுங்க, நானும் காக்காவும் வந்து கூட்டிட்டுப் போறோம். உள்ள வந்து பேச வேணாம், டீயக் குடிச்சுட்டு உக்காந்திருங்க.

விடிஞ்சா புதன். கடலுக்குப் போக டோக்கன் எடுக்கணும், படுக்கப் போறேன்.