மொட்டை மாடிக்குக் கீழ் அறை, பிறக்கப்போகும் குழந்தை: குடியாத்தம், வேலூர் பக்கத்தவர்கள் உதவுங்கள்

எனக்கு இது 36வது வாரம், தலைப்பிரசவம். மே மூன்றாவது வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், சரியாக அக்னி நட்சத்திரத்தில். குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தையோடு தங்க இருப்பது மாடி அறைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி, கான்கிரீட் தளம், மேற்குப் பக்கம் ஒரே ஜன்னல். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கும் தெர்மாமீட்டரில் 34 டிகிரி. சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது.

மாடியில் சுண்ணாம்பு அடித்தோம், தென்னை ஓலை பரப்பினோம், சாயங்காலம் தண்ணீரும் தெளிக்கிறோம். ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்தது. அப்புறம் 40 லிட்டர் ஏர் கூலர் வாங்கினோம். விடிந்தால் தலையணை உறை ஈரமாக இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அந்த ஈரக்காற்று வேண்டாம் என்று தோன்றுகிறது. அம்மாவோ ஜன்னலைச் சாத்தி, குழந்தைக்குக் குல்லா போட வேண்டும் என்கிறார். இந்த வெயிலில் அது எனக்குப் பயமாக இருக்கிறது. அறை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும் என்றார் நர்ஸ்.

இதேபோல் மாடி அறையில் கைக்குழந்தையோடு கோடையைக் கழித்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு டன் ஏசி போட்டால் இந்த அறை ராத்திரி முழுக்க 28 டிகிரியில் நிற்குமா?