அப்பாவின் பழைய கணினிக்கு லினக்ஸ் சரிப்படுமா?

பொதிகை:
அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய கணினி 2014இல் வாங்கியது, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடையில் போட மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாமா? செய்தி படிப்பார், யூடியூப் பார்ப்பார், பேரனோடு வீடியோவில் பேசுவார், ஓய்வூதியர் சங்கத்துக்குத் தமிழில் கடிதம் அடிப்பார். அவ்வளவுதான்.

அச்சுக்கூடம்:
வேண்டாம் தம்பி. 18 வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு கணினியில் லினக்ஸ் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்து வைத்த கல்யாணப் பத்திரிகையை, லினக்சில் அதற்கு மாற்றான இங்க்ஸ்கேப்பில் திறந்தால் எழுத்து ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் போய் நின்றது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை ஏற்றிவிட்டேன். ஆனால் என் கை பழகிய தட்டச்சு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பிரிண்டரை வேலை செய்ய வைக்க மூன்று நாள் ஆனது. முகூர்த்த மாதத்தில் மூன்று நாள் போனால் எனக்கு யார் கொடுப்பார்கள்?

தேன்மொழி:
அண்ணா, கோரல்டிராவை நம்பிப் பிழைப்பவர் விண்டோஸை விட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதிகையின் அப்பா பத்திரிகை அடிக்கவில்லையே! என் அம்மா நான்கு வருஷமாக மின்ட் வைத்திருக்கிறார். அவருக்குக் கணினி என்றால் ஃபயர்பாக்ஸ் உலாவிதான், அது விண்டோஸிலும் மின்ட்டிலும் ஒன்றேதான். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் ஒருமுறை அமைத்துக் கொடுத்தேன், வேர்டு போன்ற லிப்ரே ஆபீசில் யூனிகோடில் அடிக்கிறார். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல வருஷமாக லினக்சில்தான் கணினி படிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வருவது ஆசிரியருக்கு வராதா?

அச்சுக்கூடம்:
கேரளத்தில் அதற்கென்று கைட் என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இங்கே தமிழ்நாட்டில்? 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, நம் மொழிகளுக்காகவே. என் கடைக்கு அந்த மடிக்கணினியோடு வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. குறை லினக்சில் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. விண்டோஸில் சிக்கல் என்றால் தெருமுனைக் கடைப் பையன் பார்த்துக் கொடுத்துவிடுவான். மின்ட் என்றால் அவனே முழிப்பான். கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை விண்டோஸ் 10 தாங்கும். அதற்குள் பழைய கணினி ஒன்று நல்லதாக வாங்கிக் கொடுங்கள்.

கணக்கன்:
அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருள் இருப்பதால் நானும் விண்டோஸ்தான். ஆனால் இந்த அப்பாவுக்கு அந்தத் தேவை எதுவும் தெரியவில்லை. ஓய்வூதியர் கொடுக்க வேண்டிய ஜீவன் பிரமாண் என்ற வாழ்வுச் சான்றிதழுக்குக்கூட இப்போது கைபேசியில் முகம் காட்டினால் போதும். வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தேன்மொழி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு பணம் போட்டு இன்னொரு கணினி எதற்கு? 4 ஜிபிக்கு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். பென்டிரைவில் ஏற்றினால் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டில் ஒன்றும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கையும் பாருங்கள். ஒன்று உதைத்தாலும் விட்டுவிடுங்கள். கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டையும் அமைத்துக் கொடுங்கள். ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

அச்சுக்கூடம்:
சரி அம்மா, அந்தச் சோதனை நல்ல யோசனை. ஆனால் டைம்ஷிஃப்ட்டில் திரும்பிப் போக அங்கே யார் இருக்கிறார்கள்? தம்பி, நீங்கள் அப்பாவோடு இருக்கிறீர்களா?

பொதிகை:
இல்லை அண்ணா. நான் பெங்களூரில், அப்பா தென்காசியில். நேற்று ஊருக்கு வந்து பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் உடனே வந்தன. பிரிண்டர் அச்சடிக்கிறது, அதன் ஸ்கேனர் மட்டும் வரவில்லை. அப்பா ஸ்கேன் செய்வதே இல்லையாம். தமிழ்99இல் சங்கத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அடித்துப் பார்த்தார், கை தடுமாறவில்லை. பொங்கல் வரை இங்கேதான் இருப்பேன். நாளை மின்ட்டை நிறுவுகிறேன். விண்டோஸையும் அழிக்காமல் பக்கத்தில் வைக்கிறேன். தேன்மொழி அக்கா, தொலைவிலிருந்து அப்பாவின் திரையைப் பார்க்க நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?