மறு: வசனம் பேசாத படத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

ஒலி இருந்தும் யாரும் வசனம் பேசாத படத்துக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். 'மௌனப் படம்' என்ற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்று இந்த இழையில் ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையைத் தொடங்க வைத்த படத்தைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

அது ருமேனியப் படம், 'ஸா ஃபுரத் ஓ போம்பா'. இயக்கியவர் யோன் பொபெஸ்கு கோப்போ. 1962இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டது. தலைப்பை 'ஒரு குண்டு திருடப்பட்டது' என்று எழுதிப் பார்த்து உடனே அடித்துவிட்டேன். மூலத்தில் திருடியவன் யார் என்ற பேச்சே இல்லை. அந்த மாதிரி நேரத்துக்குத்தான் நம்மிடம் 'களவுபோனது' இருக்கிறதே! குண்டு களவுபோச்சு, அவ்வளவுதான்.

களவுபோன அணுகுண்டு, கையில் இருப்பது என்னவென்றே தெரியாத ஓர் அப்பாவியிடம் வந்து சேர்கிறது. அதற்காகக் கும்பல்கள் அவனைத் துரத்துகின்றன. உளவுப் படங்களின் பந்தாவை எல்லாம் கிண்டலடிக்கும் பகடி. இத்தனைக்கும் ஜேம்ஸ் பாண்ட் முதல்முறை சினிமாத் திரைக்கு வந்ததே அந்த விழாவுக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில்தான்! இவ்வளவு ஓட்டத்திலும் ஒருவரும் வாய் திறந்து வசனம் பேசுவதில்லை. கோப்போ அடிப்படையில் கார்ட்டூன்காரர். 1957இல் கானில் குறும்படத்துக்கான தங்கப்பனை (பாம் தோர்) விருதை வாங்கியவர். அவர் வரைந்த குட்டி மனிதனும் பேசாமலே கதை சொன்னவன்தான். கை பழகிய வேலை.

இதை மௌனப் படம் என்றால் என்ன குறை? இசை இருக்கிறது, ஓசைகள் இருக்கின்றன. மௌனம் எங்கே? இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய மௌனப் படங்களில் வசனம் இருந்தது. காட்சிக்கு நடுவே அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் வாசித்தும் சொல்வார். அங்கே வசனம் உண்டு, ஒலிதான் இல்லை. இங்கே ஒலி உண்டு, வசனம்தான் இல்லை. அப்படியே தலைகீழ். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் எப்படி?

ஒரு வேடிக்கை: மௌனம் என்பது பேசத் தெரிந்தவன் பேசாமல் இருப்பது, மௌன விரதம் என்கிறோமே, அதுபோல. நியாயமாகப் பார்த்தால் அந்தச் சொல் கோப்போ படத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் நூறாண்டுப் புழக்கத்தைப் பிடுங்க முடியாது. 'ஊமைப் படம்' வேண்டவே வேண்டாம், அந்தச் சொல் மனிதர்களைக் குத்தும்.

நம் பக்கத்தில் இருக்கும் உதாரணம் இதைவிடக் குழப்பம். 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த 'புஷ்பக விமானா' தமிழகத்தில் 'பேசும் படம்' என்ற பெயரில் வந்தது. வசனமே இல்லாத படத்துக்கு அந்தப் பெயர்! அதையும் இன்றுவரை மௌனப் படம் என்றுதான் எழுதுகிறோம்.

'உரையாடலற்ற திரைப்படம்' என்று ஒருவர் தந்திருந்தார். உரையாட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டே போகும் படமும் அதில் புகுந்துவிடும். 'வசனமிலி' சுருக்கம்தான், ஆனால் அறிவிலி, ஏதிலி வரிசையில் நின்று யாரையோ திட்டுவது போல ஒலிக்கிறது. 

என் வாக்கு 'வசனமில்லாப் படம்' என்பதற்கு. கம்பியில்லாத் தந்தி, ஆளில்லா விமானம் எல்லாம் இப்படி வந்தவைதானே. வசனம் வடசொல் என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். சினிமாவில் பெரும்பாலும் புழங்குவது அந்தப் பெயர்தான்.

சரி, படத்தில் பாட்டு வந்தால் என்ன செய்வது என்று நேற்று ஒரு கேள்வி வந்தது. வந்தால் வரட்டும். நம் படங்களில் டைட்டில் போடும்போதே வசனம் ஒருவர், பாடல்கள் இன்னொருவர் என்று தனித்தனியாகத்தானே போடுகிறார்கள்!