கிளாவரையில் வீட்டுக்குள்ளிருந்தே 104-க்குப் பேச வழி வேண்டும்

மேல்மலை நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. தீபாவளிக்கு அப்புறம் காலையில் எழுந்து நின்றால் தலைசுற்றல், சாயங்காலம் கணுக்கால் வீக்கம். கொடைக்கானல் போக 40 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் அந்த வளைவுகளை அவரால் தாங்க முடியவில்லை.

அரசு மருத்துவ உதவி எண் 104-ல் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். சிக்கல் சிக்னல்தான். பூண்டுக் காட்டு மேட்டில்தான் லைன் கிடைக்கும். "படுத்திருக்கும்போதும் சுற்றுகிறதா, கேட்டுச் சொல்லுங்கள்" என்றார் அந்தப் பக்கம் பேசியவர். நான் இறங்கி ஓடி அம்மாவிடம் கேட்பதற்குள் கட்!

வீடியோவில் டாக்டரிடம் பேசும் அரசின் இ-சஞ்சீவனி முயன்றேன், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிம் மாற்றியாயிற்று. பழைய பட்டன் போன், ரெட்மி நோட் 12 இரண்டிலும் வீட்டுக்குள் ஒரு கோடுகூட இல்லை. ஓட்டுக்கூரை மேல் ஏறினால் ஒன்றிரண்டு வரும். சிக்னல் பூஸ்டர் வேண்டாம், அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம். மாத்திரை யோசனையும் வேண்டாம், அதை டாக்டர் சொல்லட்டும்.

சிம் போடும் மேசை போன், கூரைமேல் ஆன்டெனாவோடு கிடைக்கிறது என்கிறார்கள். பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் பக்கம் யாராவது அப்படி மாட்டி, வீட்டுக்குள்ளிருந்தே 104-க்குத் தடையில்லாமல் பேசுகிறீர்களா, என்ன மாடல்?