காலையில மட்டும் மக்கர் பண்ணுத டீசல் அம்பாசடர்

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, அப்பா வச்சிருந்த 1996 டீசல் அம்பாசடர். ராத்திரி நிறுத்துனா காலையில ஸ்டார்ட் ஆகமாட்டேங்கு. டீசல் ஏத்துத கைப்பம்பை நாப்பது தரம் அமுக்கணும். பெறவு பகல் பூரா நல்லா ஓடுது. ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது மட்டும் லேசா திக்குது. மெக்கானிக், இன்ஜினுக்குள்ள டீசல் பீச்சுத பெரிய பம்பையே கழட்டணும்ங்காரு.

முறுக்குமீசை:
ஸ்டார்ட் பண்ண இன்ஜினைச் சூடாக்குத ஹீட்டர் பிளக் பாத்தீரா?

பாளையங்கோட்டைக்காரன்:
புதுசு போட்டாச்சு. செல்ஃப் அடிக்கையில புகையே வரல.

ஆலங்குளம் டிரைவர்:
அப்போ பம்பைத் தொடாதீங்க. வெள்ளைப்புகை வந்தா டீசல் போகுது, எரியலன்னு அர்த்தம். புகையே இல்லன்னா டீசலே போகல. எங்கயோ காத்து இழுக்கு. டேங்குலேருந்து டீசலை இழுத்து அனுப்புத ஃபீட் பம்பு வரைக்கும் உறிஞ்சுத பக்கம். அங்கன கீறல் இருந்தா வண்டி ஓடுதப்போ டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போவும். தரையில ஒரு பொட்டு இருக்காது, நாம ஏமாந்துருவோம். ராத்திரியில லைன்ல நிக்க டீசல் டேங்குக்கே இறங்கிரும்.

ஃபில்டருக்கு முன்னால ஒரு முழம் கண்ணாடி மாதிரி உள்ள தெரியுத பிளாஸ்டிக் டியூப் மாட்டிப் பாருங்க. குமிழ் முத்து முத்தா ஓடும். என் வண்டியில ரப்பர் ஹோஸ் வெளிய பளபளன்னு இருந்துச்சு, மடக்குனா நகக்கண் அளவு வெடிப்பு. அதுக்குள்ள பம்பு வேலைக்கு அழுத காசை நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

பாளையங்கோட்டைக்காரன்:
ஹோஸேதான் அண்ணாச்சி! மூணு நாளா ஒரே செல்ஃப். மேம்பாலத்துல திக்குறது மட்டும் நிக்கல.

ஆலங்குளம் டிரைவர்:
ஃபில்டரை மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?